விதி இல்ல மக்களே, வீதி!

1/
விபத்து கேஸ் எஃப்.ஐ.ஆர். எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வரும்: “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து…”

ரோடு எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி? தேடித்தான் பார்க்கணும். இன்னைக்கு அந்த ரோட்டைப் பத்தித்தான் பேசப் போறேன். நீளமான த்ரெட். ஒரு டீயைப் போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க.

2/
“நீங்க டாக்டர், ரோடு போடுறது உங்க வேலையா?”ன்னு கேப்பீங்க. கேட்க வேண்டிய கேள்விதான்.

கேஷுவாலிட்டியில ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர் எழுதுறது நாங்கதான். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி, யார் தூக்கிட்டு வந்தது, மூச்சுல சாராய வாடை இருந்துச்சா, எல்லாம் எழுதுவோம். நடந்து போறதுக்கு அங்க இடம் இருந்துச்சா, தெருவிளக்கு எரிஞ்சுச்சான்னு எழுத அதுல கட்டம் கிடையாது.

வருஷக்கணக்கா எழுதினா ஒண்ணு கண்ணுல படும். ஒரே வளைவு, ஒரே பஸ் ஸ்டாப், ஒரே பள்ளிக்கூட வாசல். ஆள் மாறுது, வண்டி மாறுது. இடம் மாறவே மாட்டேங்குது.

3/
ஒரே தெருவுல இருந்து 10 பேர் வாந்திபேதியோட வந்தா நாங்க என்ன செய்வோம்? ட்ரிப்ஸ் ஏத்துவோம். அடுத்த வேலையா சுகாதார ஆய்வாளருக்குப் போன் போட்டு, அந்தத் தெருத் தண்ணித் தொட்டியையும் குழாயையும் பார்க்கச் சொல்லுவோம். “பாத்துக் குடிக்கக் கூடாதா?”ன்னு பத்துப் பேரையும் திட்டி அனுப்பிட்டு உக்காந்திருக்கிற டாக்டரை ஊர் சும்மா விடுமா?

ரோடு விஷயத்துல மட்டும் ஊரே அந்த டாக்டர் மாதிரிப் பேசுது. “பாத்துப் போகக் கூடாதா?” “என்ன செய்ய, அவன் விதி முடிஞ்சிருச்சு.”

4/
விதியோட கணக்கைப் பார்ப்போம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49 பேர். தினமும் ஒரு டவுன் பஸ் நிறைய ஆள் ஏறி, ஒருத்தர்கூடத் திரும்பி வீட்டுக்கு வராத மாதிரி.

அந்த வருஷம் விபத்துகளோட எண்ணிக்கையில நாட்டுக்கே முதலிடம் நமக்குத்தான்: 64,105. எதுல எதுலயோ முதலிடம்னு பேனர் வைக்கிறோம். இதுக்கு யாரும் வைக்கல.

5/
செத்தது யாருன்னும் பாருங்க. அதே 2022-ல் நாடு முழுக்க இருசக்கர வண்டியில் போய் இறந்தவர்கள் 74,897 பேர். நடந்து போய் இறந்தவர்கள் 32,825 பேர், தினமும் 90 பேர். ரெண்டையும் கூட்டினா மொத்தச் சாவுல அறுபது சதவீதத்துக்கு மேல.

நம்ம பக்கம் யார் நடக்கிறா? விடியக்காலையில தீப்பெட்டி ஆபீஸுக்குப் போற அக்கா, நூறு நாள் வேலைக்குப் போற ஆச்சி, ஆட்டைப் பத்திக்கிட்டுப் போற பெரியவர், டியூஷன் முடிஞ்சு வர்ற பிள்ளைக. ரோடு எப்படி இருக்கணும்னு முடிவு பண்றவங்க யாரும் அந்த ரோட்டுல நடக்கிறவங்க இல்ல. ஜீப்புல வந்து, கண்ணாடியை இறக்காமலே பார்த்துட்டுப் போறவங்க.

6/
இப்ப என் பாடத்துக்கு வர்றேன். உடம்பு எவ்வளவு அடி தாங்கும்?

மணிக்கு 30 கி.மீ. வேகத்துல வர்ற வண்டி மோதுறது, மூணரை மீட்டர் உயரத்துல இருந்து விழுறதுக்குச் சமம். அதாவது நம்ம வீட்டு மொட்டை மாடி. கால் முறியும், அனேகமா பிழைச்சுக்கலாம்.

60-ல மோதினா 14 மீட்டர். நாலு மாடிக் கட்டடத்தோட உச்சி. வேகம் ரெண்டு மடங்கு ஆச்சு, அடி நாலு மடங்கு ஆயிருச்சு. இது எட்டாங்கிளாஸ் பையனுக்கும் தெரிஞ்ச கணக்கு. மண்டை ஓடும் கல்லீரலும் பரிணாமத்துல நாம ஓடுற வேகத்துக்கு உருவானது. ரோட்டுக்காக அது மாறாது.

7/
பிரேக் அடிச்சா நிக்காதா? நிக்கும். ஆனா ஆபத்தைக் கண்ணு பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும். 60-ல போறவர் அந்த ஒரு நொடிக்குள்ளயே 16 மீட்டருக்கு மேல போயிருப்பார். காஞ்ச ரோடு, நல்ல டயர்னு வச்சாலும் வண்டி நிக்க மொத்தம் 36 மீட்டர் ஆகும். மூணு பஸ் நீளம். 30-ல வந்தா 13 மீட்டர், ஒரு பஸ் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட.

குழந்தை 20 மீட்டர் தூரத்துல குறுக்கே ஓடுதுன்னு வைங்க. 30-ல வர்றவர் திட்டிட்டுப் போவார். 60-ல வர்றவர் எங்ககிட்ட தூக்கிட்டு வருவார். ரெண்டு பேரும் ஒரே மாதிரி நல்ல மனுஷங்கதான்.

8/
நடக்கிறவர் மேல கார் மோதும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு முறிவு வரும். மருத்துவப் புத்தகத்தில் அதுக்குப் பேரே “பம்பர் ஃபிராக்சர்”. காரோட பாகத்தை வச்சு எலும்பு முறிவுக்குப் பேர் வச்சது 1929-லேயே நடந்துபோச்சு. கிட்டத்தட்ட நூறு வருஷமா மருத்துவத்துக்குத் தெரிஞ்ச நோய் இது. காரணமும் தெரியும், தடுக்குற வழியும் தெரியும். தெரிஞ்சும் தடுக்காம விடுறதுக்குப் பேர் விபத்தா?

9/
“வேகமா ஓட்டுறவனைப் பிடிச்சு ஃபைன் போடுங்க சார்.” போடட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா அவர் ஏன் வேகமா ஓட்டுறார்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

கோவில்பட்டியில இருந்து எங்க கழுகுமலை வழியா சங்கரன்கோவில் போற ரோட்டை எடுத்துக்கோங்க. ரெண்டு பக்கமும் கரிசக்காடு. மறைக்க ஒண்ணும் இல்ல. ரோடு நீட்டிப் படுத்துக் கிடக்கும், கால் தானா ஆக்ஸிலேட்டரை அமுக்கும். அப்படியே ஊர் வரும். போர்டு வரும். ஆனா ரோடு மாறாது. அதே தார், அதே கோடு, அதே ஓட்டம்.

டிரைவரோட கண்ணு போர்டைப் படிக்கலாம். அவரோட கால் ரோட்டைத்தான் படிக்கும். ஊர் வந்துருச்சுன்னு ரோடு அவருக்குச் சொல்லவே இல்ல.

10/
சட்டம் மட்டும் என்ன சொல்லுது? 2018-ல் மத்திய அரசு போட்ட அறிவிக்கையில், நகராட்சி எல்லைக்குள்ள இருக்கிற சாலையிலேயே காருக்கு உச்ச வேகம் 70. அந்த வேகம் 19 மீட்டர் உயரத்துல இருந்து விழுறதுக்குச் சமம். ஆறு மாடி. இதை எழுதினவங்க கண்ணு முன்னால ஒரு பள்ளிக்கூட வாசலும் இருந்திருக்காது.

உலக சுகாதார நிறுவனம் சொல்றது: கார் மோதும் வேகம் 50-ல இருந்து 65 ஆனா, நடப்பவர் சாகும் அபாயம் நாலரை மடங்கு கூடும். ஜனமும் வண்டியும் கலந்து போற இடத்துல 30-தான் அவங்க சொல்ற அளவு.

11/
கரிசல் மண்ணுக்குன்னு ஒரு கூடுதல் வியாதி உண்டு. மழையில ஊதும், வெயில்ல பாளம் பாளமா வெடிக்கும். ரோட்டோர மண் உள்வாங்கிரும், தார் மட்டும் மேல நிக்கும். பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ஓரத்துல அரையடி படி. எதிர்ல லாரி வந்தா சைக்கிள்காரர் எங்க ஒதுங்குவார்? இறங்கினா விழணும், இறங்கலேன்னா அடிபடணும். வளைவுல சீமைக்கருவேலம் வேற ரோட்டு வரைக்கும் மண்டி, எதிர்ல வர்றது ஆளா மாடான்னே தெரியாது.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்துல உத்தரவு போட்டார். உங்க தெருவுல அதுக்கப்புறம் ரோடு போட்டிருந்தா, வாசப்படி எத்தனை இஞ்ச் தாழ்ந்திருக்குன்னு அளந்து பாருங்க.

12/
நமக்குத் தெரிஞ்ச மருந்து ரெண்டே ரெண்டு. ஒண்ணு, “ரோட்டை அகலப்படுத்து.” மரத்தை வெட்டி, திண்ணையை இடிச்சு, நடக்கிற மண்ணையும் தார் ஆக்கி, வேகத்தைக் கூட்டிக் குடுக்கிறது. சுகர் நோயாளிக்கு அல்வா எழுதிக் குடுக்கிற வைத்தியம்.

ரெண்டாவது, ஒரு சாவு விழுந்ததும் மறியல், மறுநாள் ராத்திரியோட ராத்திரியா ஒரு வேகத்தடை. இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், வட்டமா இருக்கணும். நம்ம ஊர்ல போடுறது வரப்பு. வெள்ளைக்கோடு கிடையாது, விளக்கு கிடையாது. ராத்திரியில பின்னாடி உக்காந்து வந்த அம்மா தூக்கி எறியப்பட்டு, அந்த வேகத்தடையே அடுத்த தலைக்காயத்தை அனுப்பி வைக்கும்.

13/
தெரு யாருக்குங்கிற கேள்வி கழுகுமலைக்குப் புதுசு இல்ல. 1895 பங்குனித் திருவிழாவுல, தேரோடும் வீதியில யார் ஊர்வலம் போகலாம், யார் போகக் கூடாதுங்கிற சாதித் தகராறு கலவரமாகி உயிர்கள் போன ஊர் இது. 1924-ல் கோயிலைச் சுத்தின தெருவுல நடக்கிற உரிமைக்காக வைக்கம் போய்ச் சிறை போனார் பெரியார்.

அந்தக் கொடுமையையும் இன்னைக்குப் பிரச்சினையையும் நான் ஒரே தராசுல வைக்கல. வைக்கவும் கூடாது. சொல்ல வர்றது இதுதான்: பொதுத்தெருவுல பயமில்லாம நடக்கிறது உரிமைன்னு இந்த மண்ணுக்கு யாரும் புதுசா வகுப்பு எடுக்க வேண்டாம். அதுக்கு விலை குடுத்த மண் இது.

14/
அரசு நல்லது செய்யலையா? செய்யுது. 2001-ல தொடங்கி இத்தனை வருஷமா பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் குடுக்குது. பொம்பளைப் பிள்ளைக படிப்புக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு இந்தப் பக்கம் வந்து கேளுங்க. 2021-ல இருந்து பெண்களுக்கு இலவச டவுன் பஸ். அதே வருஷம் டிசம்பர்ல “இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48”. அடிபட்டு முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை. எத்தனை குடும்பம் கடன்ல விழாமத் தப்பிச்சதுன்னு எங்களுக்குத் தெரியும்.

ஆனா கேள்வி நிக்குதே. சைக்கிள் குடுத்தீங்க, அதை ஓட்ட ரோட்டுல ஒரு முழம் இடம் குடுத்தீங்களா? பஸ் குடுத்தீங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்க வழி? அடிபட்டா வைத்தியம் பார்க்கிறீங்க, அடிபடாம இருக்க?

தலையில அடிபட்டவரை எங்க ஊர்ல இருந்து நியூரோ சர்ஜன் இருக்கிற திருநெல்வேலிக்குக் கொண்டுபோக 50 கி.மீ.க்கு மேல ஓடணும். கோல்டன் ஹவர் பாதி வழியிலேயே கரைஞ்சிரும். எங்களுக்குத் தடுப்புதான் முதல் வைத்தியம்.

15/
சரி டாக்டர், என்னதான் செய்யணும்? பிரிஸ்கிரிப்ஷன் எழுதுறேன்.

அ) ஊர் வாசல். ரோடு ஊருக்குள்ள நுழையுற இடத்துல ரெண்டு பக்கமும் ஓரத்தை உள்ள இழுத்துக் குறுக்கணும். பஸ் அகலம் 2.6 மீட்டர்தான். ஊருக்குள்ள லேனுக்கு 3 மீட்டர் சுத்தி இருந்தாலே தாராளம். அங்க இருந்து மறுமுனை வரை 30.

ஆ) நடைபாதை. தடையில்லாம நடக்கக் குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம், 15 செ.மீ.க்கு மேல போகாத உயரம். இதுவும் இந்தியச் சாலைப் பேராயம் எழுதி வச்ச அளவுதான். டிரான்ஸ்ஃபார்மரும் பெட்டிக்கடையும் அந்த 1.8-க்கு வெளியே.

இ) மேடைக் கடவு. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வாசல்ல நடைபாதை உயரத்துக்கே ரோட்டைத் தூக்கணும். நடக்கிறவர் இறங்க வேண்டாம், வண்டி ஏறி இறங்கட்டும்.

ஈ) முக்குத் திருப்பம். அகலமா வளைச்சு விட்ட முக்குல வண்டி வேகம் குறைக்காமத் திரும்பும். நறுக்குன்னு இருந்தா நின்னு பார்த்துத்தான் திரும்பும்.

உ) ஊருக்கு வெளியே ரோட்டோரம் ரெண்டு பக்கமும் ஒண்ணரை மீட்டர், தாரோடு மட்டமா, கெட்டித்தளமா. சைக்கிளுக்கும் பாதயாத்திரை போறவங்களுக்கும் அது உயிர்.

16/
“இதெல்லாம் சிட்டிக்கு சார். எங்க ஊர்ல தேர் ஓடணுமே?” நல்ல கேள்வி. ஓடணும், ஓடும். தேர் வீதியில மேடும் வேண்டாம், நடுவுல தடுப்புச்சுவரும் வேண்டாம். கழட்டி மாட்டுற தூண் போதும். திருவிழாவுக்குக் கழட்டி, முடிஞ்சதும் மாட்டலாம். உண்மையில தேர் வீதிதான் நம்ம முன்னோர் போட்ட நல்ல தெரு. ஜனம் நடக்கன்னே அகலம் விட்டாங்க. நாம அதுல கார் நிறுத்தி வச்சிருக்கோம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் மட்டும் பேரிகார்டு வச்சு நடக்க விடுறோம். அந்த ரெண்டு நாள் முடியுதுன்னா வருஷம் பூரா ஏன் முடியாது?

“காத்தாடி இறக்கை ஏத்தின நீளலாரி எப்படித் திரும்பும்?” கயத்தாறு பக்கத்துக்காரங்க கேப்பாங்க. முக்குல வழக்கமான வண்டிக்கு ஒரு நறுக்குத் திருப்பம், அதுக்குப் பின்னால நீளலாரி மட்டும் ஏறிப் போற மாதிரி தாழ்வான கல்தளம். எப்பவோ வர்ற ஒரு லாரிக்காகத் தினமும் வர்ற பிள்ளைகளைப் பணயம் வைக்க வேண்டியதில்ல.

17/
“வியாபாரம் படுத்துரும்.” கடைக்காரர்கள் பயம் நியாயமானது. ஆனா கடைக்குள்ள வர்றது காரா, ஆளா? சென்னை பாண்டி பஜார்ல 2019-ல ரோட்டைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்கினாங்க. கடையும் இருக்கு, கூட்டமும் இருக்கு.

“காசு?” சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கை எழுதுச்சு. போக்குவரத்து பட்ஜெட்ல 60 சதவீதம் நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு. எழுதின ஊரே இன்னும் அதை எட்டிப் பிடிக்கல, அது வேற கதை. காசு இருக்கு. யாருக்குச் செலவு பண்றோங்கிறதுதான் பிரச்சினை.

“ஹெல்மெட் போட மாட்டேங்கிறாங்களே?” போடணும். 2022-ல ஹெல்மெட் இல்லாம இறந்தவங்க 50,029 பேர். அதுக்காகத் தினமும் சண்டை போடுற ஆள் நான். ஆனா பால் வாங்கப் போன ஆச்சிக்கு எந்த ஹெல்மெட்டை மாட்டுவீங்க?

18/
“வெளிநாட்டுக்காரன் ஒழுங்கானவன், நம்மாளு திருந்த மாட்டான்.” இதைவிடப் பெரிய பொய் கிடையாது.

1971-ல் நெதர்லாந்தில் ஒரே வருஷம் சுமார் 3,300 பேர் ரோட்டில் செத்தாங்க. அதில் 400-க்கு மேல் குழந்தைகள். அந்த நாட்டு ஜனத்தொகை இன்னைக்குத் தமிழ்நாட்டோடதுல ஆறில் ஒரு பங்குதான். தாய்மார்கள் தெருவுல இறங்கினாங்க, “குழந்தைக் கொலையை நிறுத்து”ன்னு. ரோட்டை மாத்தினாங்க. இப்ப அங்க வருஷச் சாவு 700-ஐ ஒட்டி. அதே ஜனந்தான், அவங்க பேரன் பேத்திகதான். வேற ரோடு.

1997-ல் சுவீடன் நாடாளுமன்றம் சட்டமாவே எழுதுச்சு: மனுஷன் தப்பு பண்ணுவான். அந்தத் தப்புக்கு மரண தண்டனை குடுக்காத மாதிரி ரோடு போடுறது அரசோட கடமை. எனக்கு இதைவிட நல்ல மருத்துவ வாக்கியம் தெரியாது.

19/
நம்ம சட்டமும் வாயில்லாப் பூச்சி இல்ல. 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்குப் பொதுநல வழக்குப் போட்டவர் கோவை எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன். எலும்பை ஒட்ட வைக்கிற வேலையோட நிக்காம, எலும்பு எங்க உடையுதுன்னு கேட்டவர். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம் நீதிமன்றம் சொன்னது: நடைபாதை என்பது அரசியல் சாசனப் பிரிவு 21 தரும் வாழ்வுரிமையின் பகுதி. மாற்றுத்திறனாளிகளும் போகிற மாதிரி இருக்கணும், ஆக்கிரமிப்பை எடுக்கணும்.

இன்னொண்ணு, 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு. ரோட்டை வடிவமைச்சதுல, போட்டதுல, பராமரிச்சதுல விதிமுறையை மீறி, அதனால சாவோ ஊனமோ வந்தா, பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்டணும். உங்க ஊர் எஃப்.ஐ.ஆர். எதுலயாவது இந்தப் பிரிவைப் பார்த்திருக்கீங்களா? டிரைவர் மேல மட்டும் பேனா எழுதுது.

20/
கடைசியா ஒரு வயித்தெரிச்சல். “கருப்புப் புள்ளி”ன்னு ஒரு சொல் இருக்கு. தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டருக்குள்ள, மூணு வருஷத்துல சாவோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்து அஞ்சு நடக்கணும், அல்லது பத்துப் பேர் சாகணும். அப்பத்தான் அது ஆபத்தான இடம்னு கணக்குல ஏறும்.

நாலு விபத்து, நாலு சாவுன்னா ஏறாது. அஞ்சாவது ஆளுக்காகக் காத்திருக்கோம். பத்து பேர் செத்தாத்தான் குளோரின் போடுவேன்னு ஒரு சுகாதாரத் துறை சொன்னா ஒத்துக்குவீங்களா?

21/
அதனால இப்படிச் செய்வோம். கழுகுமலைக்காரங்க மட்டும் இல்ல, கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம்னு படிக்கிற எல்லாரும்.

ஒரு இன்ச் டேப் எடுங்க. உங்க பிள்ளை நடந்து போற வழியை ஒரு தடவை நீங்களும் நடங்க. நடக்கிற இடம் எத்தனை மீட்டர், தார் விளிம்பு எவ்வளவு உயரம், விளக்கு எத்தனை எரியுது, வண்டி நிக்காம எத்தனை நேரம் குறுக்கே போகக் காத்திருந்தீங்க. எழுதுங்க, போட்டோ எடுங்க.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனுவாக் குடுங்க. நகல் நெடுஞ்சாலைத் துறைக்கும், பேரூராட்சிக்கும் அல்லது நகராட்சிக்கும். மனுவுல “ரோடு போட்டுத் தாங்க”ன்னு எழுதாதீங்க. அது தார்ல போய் முடியும். “ஊருக்குள் 30 கி.மீ. வேகத்துக்கு ஏற்றபடி சாலையை மாற்றி அமைக்கணும். 1.8 மீட்டர் நடைபாதை, பள்ளி வாசலில் மேடைக் கடவு வேண்டும்”னு அளவோட எழுதுங்க. பிரிவு 21-ஐயும் 198-ஏ-வையும் மறக்காமச் சேருங்க. ரசீது வாங்குங்க.

22/
ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள் வைங்க: “கொடி கட்டின கார்ல வேண்டாம்ணே. பஸ் ஸ்டாண்டுல இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் எங்க கூட நடந்து வாங்க, அப்புறம் பேசுவோம்.”

உங்க தெருவுல அளந்தது எத்தனை மீட்டர்னு கீழே போடுங்க. நான் எங்க ஊர்ல இருந்து தொடங்குறேன்.